கங்காணிக்குக் கிடைத்த மனச்சமாதானம்

கிள்ளானில் கோலாலம்பூர் ரயில் ஏறினேன். தோட்டத்துக் கங்காணி ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“சூசை, உன்னைத் தோட்டத்தை விட்டு வெரட்ட வச்சது நான்தான். நேத்து மாதாகோயில் சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். மனசு பஞ்சு மாதிரி இருக்குடா.”

“என்ன பண்ணீங்க?”

“ரப்பர் கன்னுங்கள மேஞ்சது என் மாடு. உன் மாடுன்னு தொரைகிட்ட சொன்னேன்.”

“தெரியும்ணே. தொரைகிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா?”

“தொரை என்ன சாமியா, மன்னிக்க? என் வேலை போயிரும். நீ மன்னிக்கிறதுதான் பாக்கி.”

“நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்ணே” என்றார் சூசை.

கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆண்டவரே, என்ன சந்தோஷம்.”

“என் சம்சாரம்தான் இன்னும் மன்னிக்கல. நாலு புள்ளைங்களோட மழையில லயத்து வீட்ட விட்டு எறங்கினவ. உங்களத் தொரைகிட்ட இழுத்துட்டுப் போகணும்னு தேடிக்கிட்டிருக்கா. பத்து தீகா ஸ்டேஷன்ல ஏறுவா.”

வண்டி பத்து தீகாவில் வேகம் குறைந்தது. கங்காணி எழுந்து, நடைமேடை இல்லாத பக்கத்துக் கதவுக்குப் போனார்.

“அது பூட்டியிருக்குண்ணே” என்றார் சூசை. “வந்து உக்காருங்க.”