மடல் வேண்டாம் என்றவருக்கு ஒரு மடல்

மொன்றியல் மாநகரில், தேவாலயப் பங்கு மண்டபத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை தோறும் சலியாது தமிழ் வளர்த்து, 2007ஆம் ஆண்டு ஆனித் திங்களில் எமது வடகரைத் தமிழ்ப் பாடசாலையிலிருந்து ஓய்வு பெறும் அதிபர் திருமதி மாக்கிரட் செபஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு, உடனாசிரியர்கள் தலை குனிந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

மன்னார்க் கடல் தந்த மாசிலா முத்தே! மாரிக்கும் பனிக்கும் மலையாத மனத்திடமே! ஆனா ஆவன்னா அறியாத வாய்களுக்கு அமுதத் தமிழ் ஊட்டிய அன்னையே! எங்கள் மாக்கிரட் ரீச்சரே! வணக்கம்.

முத்தா மாணிக்கமா என்று தீர்மானிக்கவே எங்களுக்கு ஒரு முழுக் கூட்டம் போயிற்று. மோனைக்கு மாணிக்கந்தான் பொருந்தும் என்றார் உருத்திரமூர்த்தி மாஸ்ரர். மன்னாரில் குளித்தெடுத்தது முத்துத்தானே என்றார் எங்கள் தலைவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை. கடைசியில் முத்துக்கு முன்னால் ‘மாசிலா’ என்று போட்டு இருவரையும் சமாதானம் செய்தோம். அந்த நேரத்தில் நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த வெட்கத்துக்குப் பிறகு வருகிறோம். முதலில் உங்கள் புகழைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

காலம் தவறாத கடமையின் கண்ணே! இந்தச் சித்திரையில்தான் ஆற்றுக்கு அப்பால் நீங்கள் வசிக்கும் லவாலுக்கு மெட்ரோ வந்தது. அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகளாக, பாலம் கடந்து பஸ்ஸில் வந்து, பஸ் இறங்கி மெட்ரோ ஏறி, மெட்ரோ இறங்கி மறுபடியும் பஸ் பிடித்து, காதை மூடிய கம்பளித் தொப்பியும் கையை இழுக்கும் புத்தகப் பையுமாக, எங்களுக்கு முன்பே வந்து மண்டபக் கதவடியில் நின்றவர் நீங்கள். காரில் வரும் நாங்கள் “றோட் சரியில்லை ரீச்சர்” என்று பிந்தி வந்தோம். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் எங்கள் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தீர்கள். காலையில் தாயின் கையை உதறிப் பிரெஞ்சில் அழுத பிள்ளை, மதியம் “போட்டு வாறன் ரீச்சர்” என்று சிரித்துக்கொண்டு போனது உங்கள் வகுப்பிலிருந்துதான். மெட்ரோ வீட்டுக்குக் கிட்ட வந்ததும் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். அதுவும் உங்கள் ராசி போலும்!

பொதுவில் பாடம் படைத்த புதுமையே! லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த தமிழ்ப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லின. எங்கள் பிள்ளைகளோ பிரெஞ்சில் படிப்பவர்கள், பிரெஞ்சில் சண்டை பிடிப்பவர்கள். ஆகவே பிரெஞ்சு விளக்கத்தோடு நீங்களே தமிழ்ப் பாடங்களை எழுதத் தொடங்கினீர்கள். எழுதியதோடு நிற்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் இளம் ஆசிரியை வித்தியாவைக் கொண்டு அவற்றை இன்ரநெற்றில் ஏற்றி, ஒவ்வொரு பாடத்தின் அடியிலும், ‘யாரும் எடுக்கலாம், மாற்றலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்’ என்று எழுதிவிட்டீர்கள். பூட்டில்லாத கடையா என்று நாங்கள் பதறினோம். நீங்கள் சிரித்தீர்கள்.

பதற்றம் தீர வழி கண்டவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணைதான். “குடுக்கிறதெண்டா குடுப்பம். ஆனா ஆர் குடுத்ததெண்டு சனத்துக்குத் தெரிய வேணுமெல்லோ?” என்றார். கோயிலுக்கு மின்விளக்குக் கொடுத்தாலும் மாதாவின் தேருக்குப் பூக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வர வேண்டும் என்பது எங்களில் சைவரும் கத்தோலிக்கரும் ஒத்துப்போகும் ஒரே சித்தாந்தம். அதன்படி ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ‘உபயம்’ என்று போட்டு, எங்கள் பெயர், ஊர், கோட்டுப் போட்ட படம் எல்லாவற்றையும் ஏற்றுவித்தோம். ஒரு வரியும் எழுதாதவருக்கும் படம் இருந்தது. படங்களின் பாரத்தில் பாடம் திறக்கவே மறுக்கிறது என்று தூர தேசத்திலிருந்து முறைப்பாடு வந்தபோது, நீங்கள் வித்தியாவிடம் மெல்லச் சொன்னீர்களாம்: “அவையின்ர படங்களை வேற ஒரு பக்கத்தில வடிவாப் பெரிசாப் போட்டு விடு பிள்ளை. பாடம் திறக்கட்டும்.” அந்த வேறு பக்கத்தை நாங்கள் மட்டுமே அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முறைப்பாடு வந்தது இந்து சமுத்திரத்து ரியூனியன் தீவிலிருந்து. கரும்புத் தோட்டங்களுக்கு முற்காலத்தில் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் வழிவந்தோர் அங்கே இருக்கிறார்கள். பெயர் தமிழ், பேச்சுப் பிரெஞ்சு. அவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் றோசா இராமசாமி என்ற பெண்மணி, பிரெஞ்சில் விளக்கம் உள்ள உங்கள் பாடங்களைக் கண்டு பிடித்துக்கொண்டார். அந்தப் பாடங்களுக்குப் படம் கீறியவரோ மொன்றியலை ஒட்டிய சிறு தீவான இல்-பிசாரில் வசிக்கும் ஹென்றி. உங்கள் மருமகனோடு வேலை செய்து ஓய்வு பெற்ற கியூபெக்காரர், தமிழில் வணக்கமும் அறியாதவர். அவர் பலாப்பழத்தை அப்பிளைப் போலக் கொப்பு நுனியில் தொங்கவிட்டுக் கீறினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், மறைவில் சிரித்தோம். ஆனால் சும்மா கீறித் தந்த மனிசனிடம் பிழை சொல்வது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டோம். றோசா பழத்தை அடிமரத்தில் ஒட்டிக் கீறி அனுப்பினார். ஹென்றி கோபிக்கவில்லை. அந்த மரத்தைத் தாம் இப்போதுதான் கண்டதாகச் சொல்லி, பனை, முருங்கை, வாழை என்று மேலும் கீறி, “இதில் எது பிழை?” என்று கேட்டனுப்பினார்.

இவர்களுக்கெல்லாம் இதனால் என்ன பிரயோசனம் என்று நாங்கள் கேட்காத நாளில்லை. சம்பளமில்லை, சான்றிதழில்லை, பொன்னாடையுமில்லை. ஹென்றியிடம் வித்தியா கேட்டாள். பனிக்காலத்தில் இல்-பிசாரில் பஸ்ஸும் குறைவு, பேச்சும் குறைவு, ஒரு மரத்தைக் கீறினால் உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதில் எழுதுகிறார்கள் என்றாராம். றோசா சொன்ன காரணம் வேறு. தம் குடும்பப் பெயரைத் தமிழில் ஒருமுறையேனும் எழுதிப் பார்க்காமல் தகப்பன் கண்மூடினார், தம் வகுப்பில் இன்னொருவருக்கு அந்தக் குறை வரக்கூடாது என்றார். உங்களைக் கேட்டபோது நீங்கள் சொன்னதுதான் எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

“வகுப்பில நான் ஒரு பிழை விட்டா ஆர் எனக்குச் சொல்லப்போகினம்? பிள்ளையளுக்குத் தெரியாது. உங்களுக்கு என்னில மரியாதை. வெளியில போட்டா ஆராவது வந்து திருத்துவினம். அதுக்குத்தான் போடுறன்.”

பெருந்தகையே! திருத்துவார்கள் என்பதற்காகவே நீங்கள் கொடுத்தீர்கள். திருத்திவிடுவார்கள் என்பதற்காகவே நாங்கள் கொடுக்காமல் இருந்தோம். இடமில்லை, நேரமில்லை, கொம்பியூட்டர் சரியில்லை என்று நாங்கள் சொன்ன சாட்டுகளெல்லாம் சாட்டுகள்தாம். உள்ளே இருந்தது ஒரே பயம். மாஸ்ரர் என்றும் ரீச்சர் என்றும் ஊர் அழைக்கும் எங்களை, முகம் தெரியாத ஒருவர், எல்லோரும் பார்க்கப் பிழை பிடித்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு திருமண மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பது? மானம் பெரிதென்று நினைத்தோம் ரீச்சர். நாற்பது பாடங்களையும் நீங்கள் எழுதினீர்கள், நாங்கள் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருகிறோம். ஓய்வு பெறப்போவதை நீங்கள் அறிவித்த அன்றே ஒன்று கேட்டீர்கள். பதினெட்டு ஆண்டுகளில் எங்களிடம் நீங்கள் கேட்ட ஒரே ஒரு பொருள் அதுதான். “எனக்கு மடல் ஒண்டும் வேண்டாம் பிள்ளையள். கண்ணும் தெளிவில்லை, இனி என்னால எழுத ஏலாது. றோசாவின்ர வகுப்பு ஆவணியில துவங்குது. நாற்பத்தோராம் பாடம் வருமெண்டு அந்தப் பிள்ளையளுக்கு வாக்குக் குடுத்திட்டன். மடல் எழுதிற நேரத்தில அதை எழுதித் தாங்கோ. பிழையெண்டாலும் பரவாயில்லை.”

நாங்கள் “ஓம் ரீச்சர்” என்றோம். வெளியே வந்ததும் நீக்கிலாப்பிள்ளை அண்ணை, “மடல் இல்லாமல் அனுப்பினா சனம் என்ன கதைக்கும்?” என்றார். உடனே மடற்குழு அமைந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாயினர். முத்தும் மாணிக்கமும் மோதின. யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு கூட்டம், மடலுக்குப் போடும் சட்டம் தங்க நிறமா மர நிறமா என்று இன்னொரு கூட்டம், சிற்றுண்டிக்குப் பற்றீஸா றோல்ஸா என்று மற்றொரு கூட்டம். அப்போதுதான் மூலையிலிருந்த வித்தியா கேட்டாள்: “மடல் முடிஞ்சுதோ? அப்ப றோசாவுக்கு நான் என்ன சொல்லுறது?”

வாங்கி வந்த பற்றீஸை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அவள் எங்களைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதனால் கூடுதலாகச் சுட்டது.

அன்றே அந்த மேசையில் இருந்து எழுதினோம். நாற்பத்தோராம் பாடம், ‘மாதங்களும் காலங்களும்’. சிறிய பாடந்தான், ஆனால் எங்களில் எத்தனை பட்டதாரிகள்! உருத்திரமூர்த்தி மாஸ்ரர் சந்திகளைச் சரிபார்த்தார். வித்தியா பிரெஞ்சு விளக்கம் எழுதினாள். நீக்கிலாப்பிள்ளை அண்ணை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் வாசித்து, “இதில ஒருத்தரும் கை வைக்கேலாது” என்றார். உபயம் போடாமல் ஏற்றினோம்.

இன்று காலை, இந்த விழாவுக்குப் புறப்படுமுன் பாடத்தைத் திறந்து பார்த்தோம். முதல் வரியிலேயே கை வைத்திருந்தார்கள். ‘ஆனி மாதம் கோடை காலம்’ என்று நாங்கள் எழுதியிருந்தோம். அது இப்படி மாறியிருந்தது: ‘ஆனி மாதம் மொன்றியலில் கோடை காலம். எங்கள் தீவில் குளிர் காலம்.’

செய்தவர் பெயரில்லை. றோசாவா, அவரிடம் படிக்கும் ஒரு பிள்ளையா, தெரியாது. இத்தனை பட்டதாரிகள் கூடியிருந்து பூமியில் பாதியை மறந்துவிட்டோம் என்று முகம் எரிந்தது. அதே கணத்தில் அண்ணை திரையைப் பார்த்தபடி, “ஓமடா, அங்க குளிர்தானே… பாவங்கள், எவ்வளவு வடிவா எழுதியிருக்குதுகள்” என்றார். நீங்கள் அன்று சொன்னது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது ரீச்சர். விளங்க நீங்கள் ஓய்வு பெறும் நாள் வர வேண்டியிருந்ததே என்பதுதான் மாறாத வெட்கம்.

தன்னலம் துறந்த தகைசால் செல்வமே! ஆனியில் வெயில் எறிக்கும் ஊரிலும், ஆனியில் குளிரடிக்கும் ஊரிலும் உங்கள் பாடம் படிக்கும் பிள்ளைகளின் வாழ்த்து உங்களைச் சூழட்டும். கண்ணில் தெளிவும் காலில் வலுவும் திரும்பட்டும். பேரப்பிள்ளைகள் உங்களோடு தமிழிலேயே சண்டை பிடிக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு நோயற்ற நீண்ட ஆயுளைத் தருவாராக, நாங்கள் நாற்பத்திரண்டாம் பாடத்தைத் தருவோமாக.

நீங்கள் வேண்டாம் என்ற மடலை எழுதியே விட்டோம், பொறுத்தருளுங்கள். பெயர்களின் வரிசைக்குப் பட்ட சண்டை வீணாயிற்று. பெயர் ஒன்றும் போடவில்லை. சட்டம் போட்டிருக்கிறோம், வழக்கத்தை மீற மனம் வரவில்லை. ஆனால் கண்ணாடி போடவில்லை. பிழை கண்டால் பேனாவை எடுத்துத் திருத்துங்கள்.

இங்ஙனம்,
நாற்பத்தோராம் பாடத்தைப் பிழையோடு எழுதிய
உங்கள் உடனாசிரியர்கள்