குருவிக்கு ஒரு சுவிட்ச்

“உங்க குருவி கத்துது. போய் ஒரு வாளி பிடிச்சு அது வாயை மூடிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு என் மனைவி குளியலறைக்குப் போனாள். நான் சரி என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

குருவி என்பது நான் செய்த கருவி. மாடித் தொட்டி நிரம்பி நீர் ஒரு கம்பியைத் தொட்டதும் கூவும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழாயில் ஒரு வாளி பிடித்தால், தொட்டியில் நீர் சற்று இறங்கி, கூவல் நிற்கும். ஓய்வுபெற்ற பிறகு வீடியோக்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட வித்தை. முதன்முதலாக ஒரு கடுகளவு விளக்கை எரியவைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சுவிட்சைப் போட்டா பெரிய லைட்டே எரியுதே, இதுக்கா இத்தனை பாடு?” என்றாள். அவள் நாக்கு அப்படி.

அவள் தம்பி எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டு ஒயரிங் முழுக்க அவன் கைவேலை. “மாமா, பேட்டரியில ஓடுறதை எவ்வளவு வேணா நோண்டுங்க. மெயின் லைன் பக்கம் மட்டும் வந்துராதீங்க, அக்கா பாவம்” என்றான். அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. குருவி மெயின் லைனில்தான் ஓட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

அதற்கு, மெயின் மின்சாரத்தைக் குறைத்து நீரை எட்டாமல் பிரித்து வைக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். அது கனம், என் டப்பாவில் அடங்கவில்லை. அது இல்லாமலே ஒரு சின்னக் கெப்பாசிட்டரை வைத்துச் சமாளிக்கும் வழி ஒரு வீடியோவில் இருந்தது. கடைசியில் ஏதோ எச்சரிக்கையும் சொன்னார்கள் போலிருக்கிறது. நான் எந்த வீடியோவையும் கடைசிவரை பார்ப்பதில்லை.

குருவி கூவிய கையோடு வீடே இருண்டது. மின்சாரம் எங்காவது கசிந்தால் லைனைத் துண்டிக்கும் டிரிப்பர் ஒன்றை மைத்துனன் மீட்டர் பெட்டியில் வைத்திருந்தான். அவனைப் போலவே அதற்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. குருவி வாயைத் திறந்தபோதெல்லாம் அது விழுந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சிரித்திருப்பான். ஆகவே இரண்டு துண்டு ஒயரால் மின்சாரம் டிரிப்பரைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தேன். அதன் பிறகு வீடு இருளவில்லை. அவளுக்கும் மகிழ்ச்சிதான்.

“குருவி கத்துறப்ப மட்டும் குழாயைத் தொட்டா சுர்ருங்குது. தம்பிகிட்ட சொல்லட்டுமா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஈரக் கைக்கு அப்படித்தான் இருக்கும். இதுக்கெல்லாம் அவன் எதுக்கு?”

“அப்ப இதை நிறுத்தறதுக்காவது ஒரு சுவிட்ச் வைங்களேன். ஒவ்வொரு தடவையும் நான்தானே ஓட வேண்டியிருக்கு.”

நன்றாக யோசித்துச் செய்த சர்க்கியூட்டுக்கு சுவிட்ச் தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவள் சொன்னதை அலட்சியம் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அன்று மாலையே ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், அவளுக்குப் பிடித்த நிறத்தில். சம்பவத்தன்று அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனது அவள்தான்.

வாளி விழும் சத்தம் கேட்டது. நான் முதலில் மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை அணைத்தேன். அதுதான் சரியான முறை. எல்லாப் புத்தகங்களிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. மெயின் அணைந்திருந்தால் பெட்டியையும் பயமில்லாமல் திறக்கலாம். பிறகு அப்படி ஒரு வசதி அமையாது. இரண்டு ஒயர்களையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூடியைப் பொருத்தித் திருகுகளை முடுக்கினேன். குருவியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். பிறகு குளியலறைக்குப் போனேன். அவள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது அசையவில்லை.

மைத்துனன் என் மடியில் தலையை வைத்து அழுதான். “நான் போட்ட ஒயரிங்தான் மாமா. எங்கக்காவை நானே…” முதுகைத் தடவிக் கொடுத்தேன். “விடு, யாராவது வேணும்னு செய்வாங்களா?” என்றேன். அன்று கீழே வைத்த ஸ்குரூ டிரைவரை அவன் இன்னும் கையில் எடுக்கவில்லை.

இப்போது நீங்கள் அவன்மேல் வழக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். அப்படி ஒரு சர்க்கியூட்டைச் செய்யும் அளவுக்கு அவனுக்கு விஷயம் தெரியாது. செய்தது நான். மறைத்ததும் நான்.

சர்க்கியூட்டில் பிழை இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்போது அதை ஒரு சின்னப் பேட்டரியில் ஓட்டுகிறேன், தாராளமாகப் போதுகிறது. அதே குரல், அதே அளவு, தொட்டி ஒருநாளும் வழிந்ததில்லை. சுவிட்ச் மட்டும் இன்னும் வைக்கவில்லை. கத்தினால் யாராவது போய் ஒரு வாளி பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.