மஹதி பேரில் விழுந்த வரி

ஷண்முகப்ரியா: சர்வர் பாக்க எப்பவும் ஜைத் தானே வருவாரு?

அஸ்வின்: அவர் பெருங்குடில வேற வேலைல மாட்டிக்கிட்டார் மேடம். நான் அஸ்வின்… அவர் டீம்தான்.

ஷண்முகப்ரியா: இந்த டயாலிசிஸ் சென்டருக்கு மேனேஜர் நான். எனக்கு ஒரு வார்த்த சொல்லாம…

அஸ்வின்: யார் என்ன பண்ணாங்கன்னு பதிவாகற லாக் ஃபைல் மட்டும் பாத்துட்டுப் போயிடறேன். வரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்குன்னு…

ஷண்முகப்ரியா: யார் சொன்னா? அதுல பாக்க ஒண்ணும் இல்ல. பேஷன்ட் அம்மாசி ஐயாவோட டயாலிசிஸ் அப்பாயின்ட்மென்ட்ட டெலீட் பண்ணது ரிசப்ஷன் மஹதி. பேரோட இருக்கு. வேலைய விட்டு அனுப்பியாச்சு.

அஸ்வின்: ஸ்க்ரீன்ல அந்த வரியக் கொஞ்சம் படிங்க.

ஷண்முகப்ரியா: 'யூசர் மஹதி… டெலீட் அப்பாயின்ட்மென்ட்.' போதுமா?

அஸ்வின்: நடுவுல?

ஷண்முகப்ரியா: நடுவுல… ஏதோ பாதி நம்பர். அதுக்கென்ன இப்ப?

அஸ்வின்: அங்கதான் ஒரு வரி முடியறதுக்குள்ள இன்னொண்ணு ஏறுது. புது சர்வர் போட்டப்ப பழச யாரும் நிறுத்தல. ரெண்டும் ஒரே ஃபைல்ல எழுதிட்டிருக்கு.

ஷண்முகப்ரியா: சரி… அப்ப எத நம்பறது?

அஸ்வின்: எந்த சர்வர் எழுதிச்சோ அதோட நம்பர் ஒவ்வொரு துண்டுலயும் இருக்கு. பிரிச்சுப் பாத்தா… மஹதி பழசுல லிஸ்ட்ட சும்மா தொறந்து பாத்திருக்கா. டெலீட் ஆனது புதுசுல, வேற கம்ப்யூட்டர்லேர்ந்து.

ஷண்முகப்ரியா: 'பாத்திருக்கா'வா? அவள உங்களுக்குத் தெரியுமா?

அஸ்வின்: அடுத்த வரியப் பாருங்க மேடம்…

ஷண்முகப்ரியா: கேக்கறேன்ல.

அஸ்வின்: என் தங்கச்சி மேடம். ஜைத் என் ஃப்ரெண்டு. அவன் கைல கால்ல விழுந்துதான் இங்க வந்தேன்.

ஷண்முகப்ரியா: பொய் சொல்லி உள்ள வந்திருக்கீங்க. செக்யூரிட்டியக் கூப்பிடவா?

அஸ்வின்: கூப்பிடுங்க. டெலீட் எந்த கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துச்சுன்னு அவர வச்சுக்கிட்டே படிக்கிறேன்.

ஷண்முகப்ரியா: …கதவ சாத்துங்க.

அஸ்வின்: டயாலிசிஸ் தவறிப்போய் அம்மாசி ஐயா இன்னும் ஐசியூலதான் இருக்கார். மஹதி சோத்துல கைய வெக்கிறதே இல்ல. 'நான்தான் தெரியாம எதையாவது அழுத்திட்டேன் போல'ன்னு… அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா மேடம்.

ஷண்முகப்ரியா: அன்னிக்கு, இங்கயே டயாலிசிஸ் பண்ணிக்கிற எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு… ஒரு மெஷினும் காலியில்ல. ஐயாவ சாயந்தரமா வரச் சொல்லிக்கலாம்னு அவர் பேர எடுத்தேன். அவருக்கு ஃபோன் பண்ண… மறந்துட்டேன். அப்புறம் லாக்ல மஹதி பேர் வந்துது. அவ அழுதுட்டே பையத் தூக்கிட்டுப் போறவரைக்கும் நான் இந்த நாற்காலிலேயேதான் உக்காந்திருந்தேன்.