படியில் பழகிய இருமல்

"பெர்சி, அந்தக் கெழவன் இருமலை இங்க பழகாதப்பா. ரயில் வர்ற வரைக்கும் சும்மா இரு."

"அட போங்கக்கா! நாளைக்கு மேடையில இருமணும்ல?"

"சிரி, சிரி. கேட்டுட்டு அப்புறம் சிரி."

என் சிநேகிதி எட்னாவின் மாமா செட்ரிக்குக்கு நடந்தது. ராத்திரி பதினோரு மணி. பஞ்சாலை ஊரான ஓல்டாமில் நாடகம் முடிந்து மேட்டுத் தெருவில் தனியாக ஏறி வருகிறார்... மூடுபனி. கரிப்புகை நாற்றம். மனசில் ஒரே கவலை. சாகிற கிழவன் வேஷம் சரியாக வரவில்லை. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

தங்கியிருந்த வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது சொல்லியிருந்தாள்: "எங்க வீட்டுக்காரரு மாடியில முடியாமப் படுத்திருக்காரு. தடியால தட்டுனா ஒரு வாய் தண்ணி குடுத்துருங்க தம்பி."

கதவைத் திறந்ததுமே... டொக். டொக். அப்புறம் இருமல். பஞ்சாலைத் தூசி தின்ற நெஞ்சு. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம்.

செட்ரிக் தண்ணீரோடு பாதிப்படி ஏறினார். நின்றார். அடடா, இதைத்தானே தேடிக்கொண்டிருந்தோம்! மெல்லத் தானும் இருமிப் பார்த்தார். சரியில்லை. மேலே, டொக். மறுபடி இருமினார். டொக்... மூன்றாம் தடவை அச்சு அசலாக வந்தது.

"வந்துடுச்சு!" என்றார், சந்தோஷமாக.

மேலே தட்டுவது நின்றுபோயிருந்தது. டம்ளர் கையிலேயே இருந்தது.

அந்த இருமல்தான் அவரை லண்டன் மேடையில் ஏற்றியது. பிறகு சினிமா. எந்தப் படத்தில் கிழவன் செத்தாலும் செட்ரிக்கைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஒவ்வொரு கைதட்டலும் செருப்படி மாதிரி இருக்கு எட்னா. இன்னும் நாலு படி ஏறியிருந்தாப் போதும். பாவி நான்" என்று அழுவாராம். கடைசியில் மாடியே இல்லாத வீடாகப் பார்த்து வாங்கினார்.

அந்த வீட்டில்தான் நோயில் விழுந்தார். எட்னா கூட இருந்தாள். ஒருநாள் அறைக்குள் அவர் தடி தட்டியது. டொக். பிறகு இருமல். சமையலறையிலிருந்து தண்ணீரோடு ஓடினாள். நடையில் கால் நின்றுவிட்டது.

அறை வாசலில், இருட்டில்... யாரோ மாமாவைப் போல இருமிப் பார்த்தார்கள். சரியில்லை. உள்ளே, டொக். இன்னொரு தடவை... எட்னா டம்ளரோடு அங்கேயே நின்றாள். மூன்றாம் தடவை, அச்சு அசல்.

உள்ளே தட்டுவது நின்றது.

வாசலில் நின்ற குரல் பேசியது. மாமாவின் குரலேதான்... ஆனால் இளவயசுக் குரல். அத்தனை சந்தோஷமாக.

"வந்துடுச்சு!"