நீர்க்காகத்தின் வயிற்றில் தண்ணீர்

— எத்தனை வாளி, கொரந்தன்? வாயைத் திறந்து சொல்லேன்.

— இருபத்திரண்டு.

— இருபத்திரண்டா? நேத்து காலையில பதினஞ்சுதானே இறைச்சோம்?

— அதான் ஸ்வாசிக், எனக்கும் ஒண்ணும் புரியல. முறைப்படி பாத்தா குறையணும். செவ்வாய்க்கிழமை படகைத் தண்ணியில இறக்கினப்போ நாப்பது. புதன்கிழமை பன்னெண்டு. மரம் ஊறி உப்பி, இடுக்கெல்லாம் தானா அடைஞ்சுக்கிட்டு வந்துச்சு. அப்புறம் என்ன கேடு வந்துச்சு இதுக்கு?

— நீ அடிச்ச கலப்பத்துதான் சரியில்லையோ என்னவோ. பலகைக்கு நடுவுல பஞ்சை ஒழுங்காத் திணிச்சியா?

— என்ன கேள்வி இது? தபால் பையைத் தூக்கின நேரம் போக ஒன்பது வருஷமா இந்தப் படகைக் கட்டிக்கிட்டு இதுக்குள்ளதானே கிடந்தேன்? ஒவ்வொரு இடுக்கும் என் கைரேகை மாதிரி எனக்குத் தெரியும்.

— சரி, சரி, மூஞ்சியைத் தூக்காத. அதோ பட்டறைக்கார ஃபான்ஷ் அண்ணன் வர்றாரு. அவரையே கேட்டுடு.

— என்னம்மா, ரெண்டு பேரும் எழவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? நல்லாக் கேட்டுக்கங்க, மத்தியானத்துக்குள்ள கிரேன் பெல்ட்டை அவுக்கணும். எத்தனை நாள்தான் உங்க நீர்க்காகம் படகை இடுப்புல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டே இருக்கிறது? அடுத்த படகு வரிசையில நிக்குது.

— ஒழுகுது, ஃபான்ஷ் அண்ணே. நேத்தைவிடக் கூட.

— கூடவா? நாலாம் நாளா? நல்லாக் கேட்டுக்க தம்பி, நாப்பது வருஷமா மரப்படகு இறக்கறேன். நாலாம் நாள் ஒழுக்கு கூடின படகை நான் கண்டதில்ல. ஏன்டா, படகு மேல யாராவது அந்த... நீளக்காதுப் பிராணியோட பேரைச் சொன்னீங்களா?

— நாங்க எதுக்கண்ணே முயல்னு...

— வாயை மூடும்மா! சொல்லியே தொலைச்சிட்டாளே!

— கரையில நின்னுதானே சொன்னேன்!

— கரையாவது கடலாவது! படகுக்குக் காது உண்டு. அந்தச் சனியன் அந்தக் காலத்துல பஞ்சையெல்லாம் கொறிச்சு எத்தனை கப்பலை முழுகடிச்சிருக்கு தெரியுமா?

— கொரந்தன், உங்க அக்கா வழிக்கு வச்சுக்கன்னு ஆறு புட்டி கறி கொடுத்தாளே...

— அது பன்னிக்கறிதானே?

— மூடியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?

— அட தேவனே! ஆறு புட்டி அதோட கறியையா ஏத்தி வச்சிருக்கீங்க? எங்க?

— முன்பக்கப் படுக்கைக்கு அடியில.

— நாசமாப் போச்சு. எடுத்து என் வண்டியில வைங்க. நானே தின்னு தொலைக்கிறேன். கரையில தின்னா தோஷமில்ல.

— புட்டியில அடைச்ச கறி படகுல ஓட்டை போடும்னு நான் நம்பமாட்டேன் அண்ணே. ஆனா எடுத்துடறேன், எதுக்கு வம்பு.

— இரு, அந்தக் கடைசி வாளியைக் கொடு இப்படி.

— அண்ணே, வேணாம்! அந்த அழுக்குத் தண்ணியைப் போய் வாயில வைப்பாங்களா?

— குடிக்கலம்மா, நாக்குல வச்சுப் பாக்கறேன். என் அப்பன் கத்துக்கொடுத்தது. ம்... இந்தா தம்பி, நீயும் ஒரு விரல் நக்கிப் பாரு.

— உப்பே இல்லையே!

— அப்படிச் சொல்லு. ஏதோ லேசாக் கரிக்குது, அந்தக் கசிவெல்லாம் ஒரு கசிவே இல்ல. மத்தது பூரா நல்ல தண்ணி. கீழ இறங்கிப் போய் உங்க குடிதண்ணி டேங்கைத் தட்டிப் பாரு.

— முந்நூறு லிட்டர் அண்ணே, புதன்கிழமை காலையில நானே குழாய் போட்டு ரொப்பினேன்... ஐயோ! காலி! சொட்டு இல்ல!

— அவ்வளவுதான் விஷயம். அடியில திருகு தளர்ந்திருக்கும். படகு கல்லு மாதிரி இருக்கு. டேங்கை ரொப்புங்க, மத்தியானம் பெல்ட்டை அவுக்கறேன், நாளைக்கு ஓதம் ஏறினதும் அசோர்ஸ் தீவைப் பாத்துக் கிளம்புங்க. ஊரே வழியனுப்ப வருது. பிரெஸ்ட்டுல இருந்து பேண்டு வேற சொல்லியிருக்காங்க. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன். புட்டியை மறந்துடாதீங்க!

— போயிட்டாரு. ஏறி வா மேல. சந்தோஷம்தானே? ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கிற?

— சந்தோஷந்தான். ஆனா டேங்க் எப்படிக் காலியாச்சு?

— திருகு தளர்ந்திருக்கும்னாரே.

— தளரல. இறுக்கமா மூடியிருக்கு, இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். மூடின திருகு வழியா தண்ணி எப்படி ஸ்வாசிக் போகும்?

— நாமளே செலவு பண்ணியிருப்போம்.

— ரெண்டு நாள்ல முந்நூறு லிட்டரா? நாம என்ன ஒட்டகமா?

— விடேன். ரொப்பிட்டாப் போச்சு.

— விட முடியல. நான் ஒண்ணு சொல்லணும், நீ கத்தக்கூடாது.

— கத்தறதா வேணாமாங்கிறதை நான் பாத்துக்கறேன். நீ சொல்லு.

— புதன்கிழமை மத்தியானம் நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்போ, அந்தத் திருகை நான்தான் திறந்துவிட்டேன்.

— என்ன?

— நூறு லிட்டர்தான். அப்புறம் பயந்துபோய் மூடிட்டேன்.

— கொரந்தன், உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? ஏன்?

— ஒழுகற படகுல யாரும் கிளம்ப மாட்டாங்கல்ல. எனக்குப் போக இஷ்டமில்ல. படகை இழைக்கத்தான் பிடிச்சுது. பலகையோட ஒரு முனையை நீ பிடிப்பே, மறுமுனையை நான் பிடிப்பேன். ஞாயித்துக்கிழமையெல்லாம் அப்படியே போச்சு. அந்த வேலை முடியவே கூடாதுன்னு இருந்துச்சு.

— இதைச் சொல்ல ஒன்பது வருஷமா உனக்கு? என் மருந்துக்கடையை வித்தாச்சு. வீட்டை நாலு வருஷத்துக்கு எவனுக்கோ வாடகைக்கு விட்டாச்சு. நாயை உன் அக்காகிட்ட விட்டுட்டு வந்து ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு! நட்சத்திரத்தைப் பாத்துத் திசை கண்டுபிடிக்கப் படிச்சேன், ஸ்பானிஷ் படிச்சேன், குமட்டலுக்கு மாத்திரையா முழுங்கினேன்... பாவி!

— அவ்வளவும் நீ படிக்கறதைப் பாத்துட்டு எந்த வாயால சொல்லுவேன்? உன் ஆசையைக் கெடுக்க மனசு வரல.

— பேசாத. ஒரு வார்த்தை பேசாத.

— திட்டு, நல்லாத் திட்டு. ஆனா சத்தியமாச் சொல்றேன், நூறு லிட்டர்தான். அதை நேத்துக் காலையிலயே இறைச்சாச்சு. மிச்சம் இருநூறு எங்க போச்சு? யாரு உள்ள வந்தது? ஃபான்ஷ் அண்ணனுக்குக் கிரேன் வேணும், அவரு ஏன் திறக்கப் போறாரு? உன்னையும் என்னையும் விட்டா வேற யாருகிட்டயும் சாவியே இல்லையே!

— நேத்து நீ ரொட்டி வாங்கப் போனியே, அப்போ.

— அப்போ என்ன?

— முந்தின நாள் ஒழுகினது நிசமாவே கடல்தான்னு நம்பினேன்டா. இன்னும் ஒரே ஒரு நாள் ஒழுகினா போக வேணாம்னு நீயே சொல்லிடுவியோன்னு, மிச்சத்தை நான் திறந்துவிட்டேன்.