ஏழாம் நம்பர்ச் சப்பாத்து

சப்பாத்து வாங்குவதென்றால் பின்னேரம் போய் வாங்கவேண்டும். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுதான் சரியான அளவு. உதைபந்தாட்டம் பழக வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிவருகிறேன். ஜெயரூபனுக்கு மட்டும் நானே காலையில் தனியாகப் போய் வாங்கினேன். அவன் காலுக்கு எட்டு. களுவாஞ்சிக்குடிக் கடையில் ஏழு கேட்டேன்.

அவன் மண்டூரில் என்னிடம் பழகியவன். பதினைந்து வயது. வெறுங்காலில் விளையாடி வளர்ந்தவன். பந்து அவனிடம் போனால் மற்றப் பிள்ளைகள் ஓட மறந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்காக அவர்களை ஏசியிருக்கிறேன். நானும் அப்படித்தான் நின்றேன்.

கொழும்பில் ஒரு பயிற்சி அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வதாக அறிவித்தல் வந்தது. தெரிவானால் விடுதி, படிப்பு எல்லாம் அங்கேயே. விளையாட்டுச் சப்பாத்து கட்டாயம்.

நான் இப்படியான தெரிவுகளுக்கு எதிரானவன் அல்ல. முன்பு உதயரூபன் என்ற ஒருவனை நானே அனுப்பிவைத்தேன். தொடக்கத்தில் கிழமைக்கு ஒரு தரம் ஃபோன் எடுத்தான். பிறகு தீபாவளிக்கு மட்டும். இப்போது கட்டாரில் இருப்பதாக அறிகிறேன். சிங்களம் தெரியாத பிள்ளை கொழும்பில் தனித்துப்போகும். ஜெயரூபனுக்கு அது நடக்கக்கூடாது. ஒரு முறை தெரிவில் தவறினால் அவன் என்னிடமே இருப்பான். அதற்குமேல் நான் எதையும் நினைக்கவில்லை.

சப்பாத்தைப் போட்டதும் அவன் முகம் சுருங்கியது.

"சேர், கடிக்குது."

"விளையாட்டுச் சப்பாத்து இறுக்கமாத்தான் இருக்கும் மனே. ஓட ஓட இளகும்."

அதற்கு முன் அப்படி ஒன்றைப் போட்டிராதவன். நம்பினான்.

தெரிவு களுவாஞ்சிக்குடியில் நடந்தது. தெரிவு செய்ய வந்தவர்களில் கல்முனை மஜீட் என் பழைய சிநேகிதர். அரைமணி நேரம் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"என்ன சேர், மான்குட்டி எண்டீங்க, ஆமைக்குஞ்சக் கொண்டாந்திருக்கீங்க?"

சிரித்தேன். இடைவேளையில் ஜெயரூபன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"சேர், கழட்டிட்டு வெறுங்காலோட ஓடட்டா?"

"சட்டம் விடாது" என்றேன். மஜீட்டிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் விட்டிருப்பார். ஐந்து நிமிடம் அவனுக்குப் போதும். அதனால் கேட்கவில்லை.

வாவியைக் கடக்கும் பாதைப் படகில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று திரும்பினோம். அவன் சப்பாத்தைக் கழற்றியிருந்தான். இரண்டு பெருவிரல் நகங்களும் கிளம்பியிருந்தன. குதிக்காலில் தோல் இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு ஒரு காலை மற்றக் காலால் மறைத்தான்.

"சேர், கோவமா? அடுத்த முறைக்குச் சப்பாத்து இளகியிருக்கும். நல்லா ஓடுவன்."

"கோவமில்ல. காயத்த வீட்ட சொல்லாத. அம்மா பயப்படுவா" என்றேன்.

அது விதைப்புக் காலம். எலிக்காய்ச்சல் பரவுகிறது, காலில் காயமுள்ளவர்கள் சேற்றில் இறங்கவேண்டாம் என்று சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வந்து சொல்லியிருந்தார். அவருக்கு ஒலிவாங்கியைப் பிடித்தவன் நான். மறுநாள் வட்டைப் பக்கமாகப் போனபோது, தகப்பன் யோகேஸ்வரனோடு ஜெயரூபன் முழங்கால்வரை வயற்சேற்றில் நிற்பதைக் கண்டேன். கை காட்டினான். நானும் காட்டிவிட்டுப் போனேன்.

அடுத்த கிழமை அவன் தாய் உசாந்தி ஃபோன் எடுத்தாள்.

"சேர், பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. கெண்டைக்கால் உளையுதாம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டா?"

"ஓடின களைப்புத்தான். குளிசை குடுத்துப் படுக்க வைங்க."

ஆசுபத்திரியில் காலைப் பார்ப்பார்கள். காயம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். சப்பாத்தை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். மறுநாளும் கேட்டாள். அதையே சொன்னேன். ஊரில் பிள்ளைகள் விசயத்தில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

கண் மஞ்சளாகிய பிறகு அவர்களாகவே கொண்டுபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. பிந்திவிட்டது என்றார் டொக்டர்.

செத்தவீட்டில் உசாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், நீங்க ஃபோனில கேட்டத வச்சித்தானே சொன்னீங்க. கிட்ட இருந்தவள் நான். தாய்க்கு விளங்கியிருக்கணும். என்ட பிழைதானே சேர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்தேன்.