வெதுவெதுப்பான கிரீஸ்

நடுநிசி தாண்டியிருந்தது. கழிவுநீர் வாய்க்காலை ஒட்டி ஒரு சாலை... விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குதான் கிடையாது. அந்த வழியாகத் தன்னந்தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார் என் தோழியின் அண்ணி.

கிட்ட வந்து உட்காருங்கள். வாயில் எதையாவது மென்றுகொண்டிருப்பவர்கள் விழுங்கிவிடுங்கள். இது பயமுறுத்துவதற்கு முன்னால் குமட்ட வைக்கும்.

அண்ணி ஒரு பசை ஆலையில் பராமரிப்பு மேனேஜர். எலும்பு, தோல் கழிவு எல்லாவற்றையும் வேகவைத்துப் பசை எடுக்கும் இடம். அங்கே நாற்றம் மூக்கில் ஏறாது... நேராகத் தொண்டையில் போய் உட்காரும். எலும்பைக் கொப்பரைக்குள் தள்ளுவதற்கு ஒரு ராட்சத இரும்புத் திருகு உண்டு. ஸ்க்ரூ என்பார்கள். அதன் பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். எல்லோருக்கும் அவர் கிரீஸண்ணன்.

ஸ்க்ரூவை நிறுத்திவிட்டுத்தான் கிரீஸ் வைக்க வேண்டும். முதலாளி நிறுத்த விடமாட்டார். "ஓடுறப்பவே வைய்யா. கை என்ன கழண்டா விழுந்துடும்?" என்பாராம்.

விழவில்லை... இழுத்துக்கொண்டது. கையை மட்டுமல்ல.

கிடைத்ததைத் தார்ப்பாயில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிடைக்காதது கொப்பரைக்குள் போயிருந்தது. கொப்பரையை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. வெந்தது வெந்துகொண்டே இருந்தது. பொழுது விடிவதற்குள் ஸ்க்ரூ மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

விசாரணைக்கு வந்தவர்கள், இனிமேல் பராமரிப்புக்கென்று பொறுப்பான ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படித்தான் அண்ணிக்கு அந்த வேலை கிடைத்தது. போன வேகத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்... வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி, கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும்.

முதலாளி சிரித்தார். "மெஷின் என்னம்மா புது மாப்பிள்ளையா, வாராவாரம் உக்கார வெச்சு விருந்து போட?"

கிரீஸண்ணன் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. போட்டாலும் யார் வருவார்கள்? ஆக, பேரிங்குகள் காய்ந்து கத்த வேண்டும். புகைய வேண்டும். ஆனால் ஸ்க்ரூ முன்னைவிட நன்றாக ஓடியது. பட்டுப்போல. ஒரு முனகல் இல்லை.

சந்தேகப்பட்டு ஒருநாள் பேரிங் மூடியைத் திறந்து அண்ணி விரலை விட்டுப் பார்த்தார். ததும்பத் ததும்ப இருந்தது. ஆனால் ஸ்டோரில் இருக்கும் கிரீஸ் கருப்பு. இது வெளிர் மஞ்சள். பாலாடை கட்டின மாதிரி... வெதுவெதுவென்று. நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. எத்தனை தடவை கழுவியும் அந்தக் கையால் ஒரு வாய்ச் சோறு அள்ள முடியவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டாராம்.

"யாரோ வைக்கிறாங்க சார்" என்றார் முதலாளியிடம்.

"ஓடுதுல்ல? விடும்மா."

முதலில் சொன்னேனே, அந்த ஸ்கூட்டர் ராத்திரி... அன்றைக்குப் போன் செய்தது ஷிப்ட் சூப்பர்வைசர். பேச்சே குழறியது. "மேடம்... கொஞ்சம் வாங்க. நான் சொன்னா குடிச்சிருக்கேன்னு சொல்வீங்க."

போய்ச் சேர்ந்தார். ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் கூட வந்தார், அதுவும் பாதி தூரம். உள்ளே ஸ்க்ரூ ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம்...

சப்... சப்... சப்...

ஈரமான எதையோ உள்ளங்கையால் அப்புகிற சத்தம்.

அண்ணி டார்ச் அடித்தார். ஆள் இல்லை. பேரிங் மேல் வெளிர் மஞ்சளாகக் கொழகொழவென்று ஒரு கட்டி. அது அமுங்கியது. ஐந்து விரல் தடம் பதிந்தது. வழிந்து மூடிக்கொண்டது. மறுபடி... சப். ஐந்து விரல்.

ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அடித்தார். ஸ்க்ரூ நின்றது. சத்தம் நிற்கவில்லை. இன்னும் அவசரமாக... சப்சப்சப்சப்...

அப்புறம் காதோரம் ஒரு குரல். பயந்த குரல்.

"நிறுத்தாதீங்கம்மா... திட்டுவாரு."

அண்ணி அலறவில்லை. அழுதார். மெயின் சுவிட்சை இறக்கி, தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார். நேரில் வந்து கேட்டால் அந்த மனுஷனுக்கும் நெஞ்சு கொஞ்சமாவது அதிரும் என்று நினைத்தார்.

வந்தார், லுங்கியும் பனியனுமாக. நின்று கேட்டார். சப்... சப்... குனிந்து அந்த மஞ்சளை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பதம் பார்த்தார். விரலிடுக்கில் அந்தக் கொழுப்பு நெளிய, மெல்லச் சிரித்தார்.

"ஆளு டியூட்டிக்கு வர்றான்ல? அப்புறம் என்ன?"

விரலைப் பனியனில் துடைத்துக்கொண்டார். சுத்தியலால் பூட்டை அவரே உடைத்தார். ஸ்க்ரூ சுற்றியது.

அண்ணி அங்கேயே வாந்தி எடுத்தார். பேயைப் பார்த்து இல்லை என்றார் தோழியிடம்... அவர் விரலைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து. அதோடு வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஆளை ஆலை தேடவும் இல்லை. அது இன்றைக்கும் ஓடுகிறது. நிற்காமல்.

சில வாரம் கழிந்தது. ஒரு ராத்திரி, தாழ் போட்ட அறையில், குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருந்த அண்ணிக்குத் திடுக்கென்று விழிப்புத் தட்டியது. ஏன் என்று முதலில் புரியவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. பிறகுதான் உறைத்தது... எந்தச் சத்தமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கிறீச் கிறீச்சென்று உயிரை வாங்கும் அந்த மின்விசிறி, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பட்டுப்போல.

குழந்தையின் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அண்ணி விரலால் தொட்டார்.

இன்னும் சூடு ஆறவில்லை.